நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம்

அருங்காட்சியகக் குடியிருப்பு
பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அருங்காட்சியக முத்திரையைப் பார்த்தால் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவாய். அதனால் கடையில் வெறும் உறை வாங்கி, கையெழுத்தையும் கொஞ்சம் கோணலாக்கி முகவரி எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் இந்தத் தந்திரம் இப்போதுதான் எனக்குத் தோன்றியது. அக்காவுக்கு எதுவுமே சட்டென்று உறைக்காது என்று நீ சொல்வாயே, அது சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆண்டிதழுக்கு இந்த வருஷம் ஐம்பதாவது இதழ். புதிதாக வந்திருக்கும் காப்பாட்சியர் அம்மா (என்னைவிட இருபது வயது சின்னவர், ஆனாலும் அம்மாதான்) இதழின் வரலாற்றை என்னையே எழுதச் சொல்லிவிட்டார். "முதல் இதழ்லேர்ந்து கூடவே இருந்தவங்க நீங்க ஒருத்தர்தானே" என்றார். முதல் இதழ் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஆறு. நாம் செய்ததெல்லாம் பொட்டலங்களில் முகவரிச் சீட்டு ஒட்டியதுதான். நீ பாதிச் சீட்டைத் தலைகீழாக ஒட்டினாய். அதையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்கிறேன்.

நாற்பத்தொன்பது இதழ்களையும் நூலகத்து மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். அதை ஒதுக்கி இடம் கேட்க ஆளில்லை. வாசகர் பதிவேட்டில் போன வாரம் முழுக்க ஒரே ஒரு கையெழுத்து. அவரும் மழைக்கு ஒதுங்கியவர். நான் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது.

இருபத்து நான்காம் இதழில் வந்து நிற்கிறேன். பின்னட்டையில் இருக்கும் பொருளடக்கத்தில் உன் கட்டுரை இருக்கிறது: "நம் விண்கல்: ஒரு மறு ஆய்வு, பக்கம் 113." உள்ளே புரட்டினால் 112-க்கு அடுத்த பக்கம் 129. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது எங்கெங்கிருந்தோ அந்தக் கட்டுரையைக் கேட்டு எழுதுகிறார்கள். "பொருளடக்கத்தில் நேர்ந்த அச்சுப் பிழை" என்று இத்தனை வருஷமும் நான்தான் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையின் பிரதி உன்னிடம் இருந்தால் அனுப்புவாயா? ஐம்பதாவது இதழில் போட்டுவிடலாம் என்று காப்பாட்சியர் அம்மா சொல்கிறார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா? கேட்டுவிட்டேன்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 21

நூலகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தை மாற்றியது வீண் சிரமம். 'ழ' போடும்போது வாலை இழுத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கட்டுரையின் பிரதி என்னிடம் இல்லை. கையால் எழுதிய ஒரே பிரதியை இதழாசிரியருக்கு அனுப்பினேன். வந்ததை அச்சுக்குக் கொடுப்பார் என்று நம்பும் அளவுக்கு அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது.

அந்தக் கல்லைப் பற்றி இப்போது நான் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. அது விண்கல் இல்லை. எவனோ ஒரு காலத்தில் உலையில் இரும்பு காய்ச்சி, சரியாக வராமல் கொட்டிவிட்டுப் போன கட்டி. நாற்பத்தொரு கிலோ கசடும் இரும்பும். நிலவியல் படித்த யாரும் சொல்லிவிடலாம். நான் மூன்று வருஷம் சோதித்துச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் ஒழுங்காக எழுதுங்கள். அச்சுப் பிழை என்ற கதை வேண்டாம். முதல் இதழில் அந்தக் கல்லைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர் இதழாசிரியர். அது தவறு என்று அவர் மகன் எழுதியதும் அச்சான பக்கங்களை எடுத்து எறிந்தவரும் அவரே. அதைப் பெயர் போட்டு எழுதுங்கள். எழுதினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இந்த முறை திருப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
கட்டுரையாளர்

&nbsp;

மார்ச் 9

தம்பி,

நூலகர் அவர்களாம், கட்டுரையாளராம்! உனக்குச் சளி பிடித்தால் மூக்கைச் சிந்திவிட்ட கையடா இது. இருக்கட்டும். பதில் வந்ததே போதும். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதும் வாசலில் நின்றபடியே படித்தேன். கோபம் வந்தது, பிறகு சந்தோஷமும் வந்தது, அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

நீ கேட்ட வாக்கியத்தை எழுத நான் தேவையில்லை. காப்பாட்சியர் அம்மாவே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். "குறையும் இருக்கட்டும்மா, அப்பதான் வரலாறு" என்கிறார். இப்படி இருக்கிறது அந்தக் குறிப்பு: "இருபத்து நான்காம் இதழில், தம் கருத்துக்கு மாறான ஒரு கட்டுரையை இதழை நிறுவிய ஆசிரியர் நீக்கிவிட்டார்." ஊரில் எல்லோரும் பேசிக்கொள்வதும் அதுதான். அதை என் எழுத்தில் படியெடுக்க வேண்டும். நான்கு நாளாகத் தாள் அப்படியே இருக்கிறது.

அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, தம்பி. ஒவ்வொரு இதழின் கடைசியிலும் பிழை திருத்தப் பக்கம் இருக்குமே, அது யார் போட்ட விதி? "இந்த இதழ்ல வந்த தப்பை இந்த இதழே திருத்தணும்" என்று காப்பாட்சியர் குழுவோடு மல்லுக்கு நின்று வாங்கியவர் அவர். ஒரு வருஷம் ஒரு பறவையின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று ஒரு முழுப் பக்கம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பறவையே வந்து கேட்டிருந்தால்கூட அவ்வளவு எழுதியிருக்க மாட்டார்.

நீயும் அப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம். பெற்ற தகப்பனுக்கு "இதழாசிரியர் அவர்களுக்கு" என்று மொட்டைக் கடிதம் போல ஒன்று. கட்டுரையின் கடைசியில் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை கழுவியவருக்குக்கூட நன்றி. அப்பாவுக்கு ஒரு வார்த்தை இல்லை. தலையில் கல்லைப் போடுகிறவன் கொஞ்சம் மெதுவாகவாவது போடக் கூடாதா?

கோபப்படாதே. அந்தக் குறிப்பை எழுதச் சொல்கிறாயா, வேண்டாம் என்கிறாயா? நீ வேண்டாம் என்றால் மறுபடியும் அச்சுப் பிழை என்றே எழுதிவிடுகிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 26

அக்கா,

சரி, அக்கா என்றே எழுதுகிறேன்.

அச்சுப் பிழை என்று எழுதாதே. பதினாறு பக்கம் பிழையாகக் காணாமல் போகாது. அப்பா இல்லை என்கிறாய். அவர் இல்லையென்றால் யார்? இதழாசிரியரை மீறி அச்சகத்தில் யார் கை வைப்பார்கள்? அத்தாட்சி இருந்தால் காட்டு. அவர் நல்லவர் என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. பறவைக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம்.

உனக்கு ஒன்று தெரியுமா? நான் நிலவியல் படித்ததே அந்தக் கல்லால்தான். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகக் கூடம் பூட்டியிருக்கும்போது அப்பா என்னைத் தூக்கி, கல் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கை விடச் சொல்வார். "தொட்டுப் பாரு. இது வானத்துலேர்ந்து வந்தது. இதைத் தொட்டவன் இந்த உலகத்துல கொஞ்சம் பேர்தான்." ஆய்வுக்கூடத்தில் அந்தக் கல்லைத் துளைத்து எடுத்த முதல் தூளைச் சோதித்தபோது இது அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எண்கள் வேறு மாதிரி வந்தன. இருந்தாலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. எங்கே அனுப்பினாலும் போடுவார்கள். ஆனால் நான் அவருக்குத்தான் அனுப்பினேன். அவர் விதியை அவர் மதிப்பார் என்று நம்பினேன். நன்றி எழுதாததற்குக் காரணம் அகந்தை இல்லை. நன்றி போட்டால் சலுகை கேட்பது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொட்டலம் வந்தபோது நான் நின்றுகொண்டே பிரித்தேன். பின்னட்டையில் என் பெயர் இருந்தது. 113-ஐத் தேடினேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நகத்தால் பிரித்துப் பார்த்தேன். அந்த நகத்தை இப்போது நினைத்தாலும் அவமானமாக இருக்கிறது. அதே தாளில் சுற்றி அதே கயிற்றில் கட்டி அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். பை எடுத்துக்கொண்டுதான் போனேன். மூன்று வண்டிகளை விட்டேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யாரும் இங்கே இல்லை. மாடியில் ஒற்றை அறை, சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். என் மனைவி மகளோடு பிரிந்து போய்ப் பல வருஷம் ஆகிறது. உனக்கு அதுவும் தெரியாது.

வாக்கியத்தை எழுது. காப்பாட்சியர் எழுதியபடியே எழுது. நான் ஒருவன் சொல்லி வராத உண்மை அச்சிலாவது வரட்டும்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 3

தம்பி,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அப்பா இல்லை. நான்.

முழுவதையும் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

வீட்டில் புரூஃப் பார்க்கும் முறை உனக்கு நினைவிருக்கும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி உள்பட. இன்னொருவர் அச்சுத் தாளில் திருத்த வேண்டும். உன் கட்டுரைக்கு நான் படித்தேன், அப்பா திருத்தினார். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பிற்பகல் முழுக்க. அதற்கு முன் அவர் அதைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் அசையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காற்புள்ளி விட்டுப்போன இடத்தில் காற்புள்ளி போட்டார்.

ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார். ஏதோ அட்டவணை. "திரும்பச் சொல்லு" என்றார்.

"சுழியம் புள்ளி ஆறு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்பா. சுழியம் புள்ளி ஆறுதான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். சன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் ஏதோ எழுதிவிட்டு, "மேலே படி" என்றார். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அம்மா போனபோதுகூட. முடிந்ததும் கடைசித் தாளில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்லா எழுதியிருக்கான்" என்றார். எழுந்து போய் வெறும் தரையில் படுத்துக்கொண்டார்.

அதை என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்தக் கல் இல்லாமல் அவரிடம் வேறு என்ன இருந்தது? நீ எங்கேயோ இருந்துகொண்டு எழுதிவிட்டாய். தினமும் காலையில் அவர் அந்தக் கூடத்தின் வழியாக நடந்துபோவதைப் பார்க்கப்போகிறவள் நான்.

ஒவ்வொரு கட்டுரையும் புது ஃபாரத்தில் தொடங்க வேண்டும் என்பது அப்பா வைத்த வழக்கம். ஒரு ஃபாரம் என்றால் ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கம். கட்டுரையாளர்களுக்குத் தனிப்பிரதி எடுத்துக் கொடுக்க வசதி என்பார். உன் கட்டுரை எட்டாவது ஃபாரம், சரியாகப் பதினாறு பக்கம். முன்னும் பின்னும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தைப்பதற்கு முன்னால் அச்சகத்துக்குப் போய், எட்டாவதை விட்டுவிடச் சொன்னேன். போர்மேன் சந்தேகமாகப் பார்த்தார். "ஐயா கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரேம்மா?"

"மனசு மாறிட்டாரு" என்றேன். அவ்வளவுதான். முந்நூறு பிரதிக்கு அடித்த தாளும் கழிவுத் தாளோடு போயிற்று. அந்தப் போர்மேனும் இப்போது உயிரோடு இல்லை.

அட்டையை மறந்துவிட்டேன், தம்பி. ஆயிரக்கணக்கான காற்புள்ளியைக் கணக்குப் பார்த்தவள், பின்னட்டையை மறந்துவிட்டேன். வண்ண அச்சு என்று அது வேறு அச்சகத்தில் முன்னமே அடித்து வந்திருந்தது.

கட்டிய முதல் பிரதியை அப்பா கையில் வாங்கி நேராக 113-ஐப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஏம்மா?" என்றார். அதற்குள் அச்சகத்திலிருந்தே உனக்கான பொட்டலம் போய்விட்டிருந்தது. நான் அழுதேன். வெளியே தெரிந்தால் என் வேலை போயிருக்கும். அவர் சொன்னார்: "இதழுக்கு ஆசிரியர் நான். அதுல என்ன இருக்கு, என்ன இல்லைங்கிறதுக்கு நான்தான் பதில் சொல்லணும். அவன் கேட்டு எழுதுவான். எழுதினா சொல்லிக்கலாம்."

நீ எழுதவில்லை. பொட்டலம்தான் திரும்பி வந்தது. அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் அவரே கயிற்றை அவிழ்த்து, இதழைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பார், உள்ளே ஏதாவது சீட்டு வைத்திருக்கிறாயா என்று. "கட்டுரை அவனோடது. அவன் கேக்காம மறுபடி போடக் கூடாது" என்பார். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

கடைசி வாரத்தில் என்னிடம் சொன்னார்: "நீயே அவன்கிட்ட சொல்லிடு." சொல்கிறேன் என்றேன். காரியத்துக்கு நீ வந்தால் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. ஒரு வருஷம் தள்ளிப் போட்டதை இரண்டாவது வருஷம் சொல்வது கஷ்டம். இருபத்தாறாவது வருஷம் எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

உன்னிடம் பிரதி கேட்டதும் பொய். அப்பா திருத்திய புரூஃப் என் பெட்டியில்தான் இருக்கிறது. உன்னோடு பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. இதை எழுதினால் நீயும் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் அப்பா நீக்கினார் என்று என் கையால் எழுத முடியாது.

அக்கா

&nbsp;

மே 15

தம்பி,

ஆறு வாரம் ஆகிறது. தபால்காரர் இப்போதெல்லாம் என் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். பாவம், அவருக்குச் சங்கடம்.

திட்டியாவது எழுதேன். உனக்குத் திட்ட வராதா என்ன?

காப்பாட்சியர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இதை எழுதினா விழாவுல உங்களை மேடையில உக்கார வைக்க முடியாதேம்மா" என்றார். "கீழே நிறைய நாற்காலி காலியாத்தான் இருக்கும், அதுல ஒண்ணுல உக்காந்துக்கறேன்" என்றேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் எழுதியிருப்பது இது: "இருபத்து நான்காம் இதழின் எட்டாம் ஃபாரத்தை, ஆசிரியர் அச்சிட ஒப்புதல் அளித்த பிறகு, அவருக்குத் தெரியாமல் நீக்கியவர் அப்போதைய நூலக உதவியாளர், அவருடைய மகள். ஆசிரியருக்கு இதில் பங்கில்லை."

கூடத்தில் கண்ணாடிப் பெட்டி மேலிருந்த "விண்கல்" என்ற பலகையையும் எடுத்துவிட்டேன். புதுப் பலகை வரும் வரைக்கும் வெறுமனே இருக்கிறது. பத்து நாள் ஆகிறது. இது என்ன கல் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நீ அத்தாட்சி கேட்டாயே. புரூஃபைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதினாறு பக்கமும் இருக்கிறது. கடைசித் தாளில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. நீ வைத்துக்கொண்டாலும் சரி, கிழித்தாலும் சரி. உன்னுடையது உன்னிடம் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அச்சகத்தில் ஜூன் கடைசி வரை தவணை சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உன் கட்டுரையைப் போட அனுமதி தருவாயா? அப்பா இருந்தால் நீ கேட்காமல் போட விடமாட்டார்.

அக்கா

&nbsp;

ஜூன் 4

அக்கா,

புரூஃப் வந்தது. நான்கு நாள் உறையைப் பிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், எல்லோரும் கிளம்பிய பிறகு கற்களைப் பரப்பும் மேஜையில் பதினாறு பக்கத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

முதலில் கடைசித் தாளைப் பார்த்தேன். அவர் கையெழுத்துதான். சந்தேகமில்லை.

பிறகு 121-ஆம் பக்கத்தைப் பார்த்தேன். நீ சொன்ன அட்டவணை அங்கேதான் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. சொல்கிறேன்.

வானத்திலிருந்து விழும் இரும்பில் நிக்கல் என்ற உலோகம் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் இருக்கும். மனிதன் உலையில் காய்ச்சிய இரும்பில் ஒரு பங்கு தேறுவதே அபூர்வம். என் மூன்று வருஷ வேலையும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. நான் எழுதியது 0.6. அச்சுக் கோத்தவர் சுழியத்தையும் புள்ளியையும் விட்டுவிட்டார். தாளில் 6 என்று இருக்கிறது. ஆறு என்றால் அது விண்கல். நிச்சயமான விண்கல். அப்படியே வந்திருந்தால் என் கட்டுரை முழுக்க ஒன்று சொல்ல, என் அட்டவணையே அதைப் பொய்யாக்கியிருக்கும். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். அப்பாவின் கல் தப்பித்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது, அச்சில் வழக்கமாக நடப்பதுதான். அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எதிரே நீ இருந்தாய், உனக்கு அது ஒரு எண்.

அவர் உன்னை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சுழியத்தையும் புள்ளியையும் சேர்த்தார். புள்ளி சரியாகத் தெரியவில்லை என்று அதையே மறுபடியும் அழுத்தி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறார். மசி தாளின் மறுபக்கம் வரைக்கும் ஊறியிருக்கிறது.

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ அவரைப் பாவம் என்று நினைத்துக் காப்பாற்றப் போனாயே, அந்த மனுஷன் அந்த மேஜையில் அன்றைக்கு யாராலும் காப்பாற்றப்பட வேண்டியவராக இல்லை, அக்கா. நீ வெட்டியது என் கட்டுரையை மட்டும் இல்லை.

உன்மேல் இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் பொய்யாகத்தான் இருந்தது. இரண்டில் எது என்று தெரியும்போது சொல்கிறேன். விழாவுக்கு வரமாட்டேன். அந்தக் கூடத்தில் நின்று என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

கட்டுரையைப் போடு. அப்பாவின் திருத்தங்களோடு அப்படியே போடு. புரூஃபைத் திருப்பி அனுப்புகிறேன், வேலை முடிந்ததும் எனக்கே அனுப்பிவிடு. நன்றிப் பகுதியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "121-ஆம் பக்கத்து எண்ணைத் திருத்திய இதழாசிரியருக்கு." இதைப் புரூஃப் பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து படிக்க யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் எனக்கு அனுப்பு. நான் இங்கே தனியாக வாய்விட்டுப் படித்துத் திருத்திக்கொள்கிறேன். பக்கத்து அறைக்காரர் ஏற்கனவே என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

இன்னொன்று. உன் வரலாற்றில் அந்த இரண்டு வாக்கியமும் சரியாக இருக்கின்றன, ஆனால் முழுசாக இல்லை. ஒரு கல்லைப் பற்றி வாய் திறக்க நான் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன். நான்கு இடத்தில் துளைத்து, மூன்று ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்தேன். அப்பாவைப் பற்றி முடிவு கட்ட எனக்கு ஒரு பின்னட்டை போதுமாக இருந்தது. அவர் நான்கு வருஷம் இதழைத் தலைகீழாக உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு, அதில் 'ஏன்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குத்தானே காத்திருந்தார்?

உன் வாக்கியங்களுக்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள்: "கட்டுரையாளர் காரணம் கேட்டு ஒரு கடிதம்கூட எழுதவில்லை."

இதையாவது வெட்டிவிடாதே.

தம்பி